முதலாளியம்மாவுக்கு உடம்பு சரியில்லை

தி.நகர்
பிப்ரவரி 11, 2025

ஜெயபாரதிக்கு ஸ்வர்ணலதா எழுதுவது.

சாப்பாட்டுக் கூடைக்குள் கடுதாசி எப்படி வந்தது என்று முழிக்காதே. போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் இரண்டு சொல்வேன், ஆஸ்பத்திரியில் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது. பதில் எழுதினால் காலி கேரியரோடு ஆட்டோ கபாலியிடமே கொடுத்தனுப்பு.

விஷயம் உன் கோழியைப் பற்றியது. என் தம்பி ‘முதலாளியம்மா’ என்று பெயர் வைத்துக் கொஞ்சுகிறானே, அதுதான். நேற்றிலிருந்து துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. இறக்கை தொங்கிப்போயிருக்கிறது. கண்ணைத் திறப்பதே இல்லை. கம்பு போட்டேன், சோறு போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். எனக்குக் கோழியை அறுத்துக் குழம்பு வைத்துத்தான் பழக்கம், வைத்தியம் பார்த்துப் பழக்கமில்லை.

ஆனால் இது இப்போது வெறும் கோழி இல்லை. தம்பி சிவம் பிழைத்து வரவேண்டும் என்று நம் ஊர் இசக்கியம்மனுக்கு நேர்ந்து விட்ட கோழி. நேர்ந்த உயிர் குறையில்லாமல் கோயில் வாசல் போய்ச் சேரவேண்டும். நடுவில் ஏதாவது ஆனால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எழுது.

தம்பி எப்படி இருக்கிறான்? கபாலியைக் கேட்டால், “அப்டியேதான் கீறாருக்கா” என்கிறான். இது ஒரு பதிலா?

கத்தரிக்காய் புளிக்குழம்பு வைத்திருக்கிறேன். சாப்பிடு.

ஸ்வர்ணலதா

—

ராயப்பேட்டை
12.2.2025

மதினிக்கு,

தாள் இல்லை. மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.

அதற்கு வந்திருப்பது வெள்ளைக் கழிச்சல். உடனே பார்க்க வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து வீட்டுக்குள் வையுங்கள், பனி படக்கூடாது. சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு பிடி கீழாநெல்லி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து உள்நாக்குப் பக்கம் ஒவ்வொன்றாக வையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். ‘கோழிக்குப் பார்க்கிற பக்குவத்தை என் தம்பிக்குப் பார்த்திருந்தால் அவன் இப்படிப் படுத்திருப்பானா’ என்று அன்றைக்கு நீங்கள் கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது கேட்டீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வாங்கப் போன இடத்தில், உங்களுக்குக் குழம்பு வைக்கத்தான் அத்தான் இந்தக் கோழியை வாங்கி வந்தார். வரும் வழியிலேயே பைக்குள் முட்டை போட்டுவிட்டது. “முட்ட போட்டவள எப்படி அறுக்குறது, கடைக்கு நான் முதலாளி, இனிமே கொல்லைக்கு இது முதலாளி” என்றார். அப்படிப்பட்டவருடைய கோழியை, அவரையும் கேட்காமல் என்னையும் கேட்காமல், காலில் மஞ்சள் துணி கட்டி நேர்ந்துவிட்டீர்கள். அவர் உயிருக்காக அவர் ஆசையாக வளர்த்த உயிரையா கொடுப்பது என்று கேட்டதற்குத்தான் எனக்கு அந்தப் பேச்சு.

அத்தானுக்கு இன்றைக்கும் மஞ்சள் இறங்கவில்லை. ஈரல் வேலை செய்வது குறைந்துகொண்டே போகிறதாம். காலையில் என்னை உள்ளே விட்டார்கள். “முதலாளியம்மா முட்ட போடுதா?” என்று கேட்டார். போடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜெயபாரதி

—

தி.நகர்
பிப்ரவரி 14

ஜெயபாரதிக்கு,

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை வைத்துக் காப்பாற்றியவன் அவன். வயிற்றெரிச்சலில் ஒரு வார்த்தை வந்துவிட்டது, அதை நீ முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாய்.

கீழாநெல்லிக்கு எங்கே போவேன்? பின்வீட்டு ஸ்ரீலக்ஷ்மி மாமியிடம் சுவருக்கு மேலாகக் கேட்டேன். அவர் வீட்டில் பூண்டு உரிக்கிற வாசனைக்கே ஜன்னலைச் சாத்துவார்கள், கோழி வைத்தியம் என்றால் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். “தொட்டியில தானா முளைச்சிண்டிருக்கு, வேணுங்கறத பறிச்சுக்கோங்கோ. வாயில்லாத ஜீவன், பாவம்” என்று அவரே பறித்துக் கொடுத்தார். சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போனார்.

முதல் உருண்டையை என் புடவையிலேயே துப்பிவிட்டது. இரண்டாவதுக்கு என் கட்டைவிரலைக் கொத்தியது. உன் வளர்ப்பு அல்லவா, அந்த ரோஷம் இருக்கும். மூன்றாவதை விழுங்கியது. பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு மூட்டு வலியில் குனிய முடியாது என்பதால் ஒரு முக்காலி மேல் ஏற்றியிருக்கிறேன், மகாராணிக்கு.

பகலெல்லாம் வீட்டில் பேச யாருமில்லை. இதனிடம்தான் பேசுகிறேன். வெட்கக்கேடு, யாரிடமும் சொல்லாதே.

மாடிப்படி ஏற முடியுமானால் நானே வந்து அவனைப் பார்த்திருப்பேன். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாமே. நீயே பார்.

ஸ்வர்ணலதா

—

ராயப்பேட்டை
16.2.2025

மதினிக்கு,

நேற்று மத்தியானத்திலிருந்து அத்தானுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. என்னை ஒரு தடவை ‘அக்கா’ என்று கூப்பிட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க ஆட்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். என் ஆட்கள் யார்? கொட்டிவாக்கத்தில் தம்பி மகேஷ் இருக்கிறான். இங்கே நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

கபாலி கேரியரை வைத்துவிட்டு நின்றான். கோழி எப்படி என்று கேட்டேன். “அது ரொம்ப மோசமா கீதுக்கா, ஆனா நீ அதுக்கு அழுவாத. ஊட்டுக்கு வர்றத ஊட்ல வளர்ற உசுரு வாங்கிக்கும். எங்க நைனாவுக்கு ஆபரேசன் நடக்க சொல்லோ எங்க ஊட்டு நாய் செத்துச்சு. நைனா இன்னிக்கும் பீடி புடிச்சிக்கினு குந்திக்கினு கீறாரு” என்றான். அறிவு கெட்டவனே, போடா என்று திட்டி அனுப்பினேன்.

அவன் போன பிறகு அந்தப் பேச்சுதான் காதிலேயே நிற்கிறது.

ஜெயபாரதி

—

ராயப்பேட்டை
17.2.2025

மதினி,

கோழிக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் அதை ஒன்றும் செய்ய வேண்டாம். அடிக்க வேண்டாம், அறுக்க வேண்டாம். கொல்லையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். போகிற உயிர் போகட்டும். ஒரு வீட்டிலிருந்து ஒரு உயிர்தான் கேட்கிறது என்றால் அது கோழியாக இருக்கட்டும்.

இதை எழுதுவது நான்தான். என் கைதான். குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் ஊட்டி வளர்த்தவள்தான் சொல்கிறேன்.

ஜெ.

—

தி.நகர்
பிப்ரவரி 17, சாயங்காலம்

பாரதி, உனக்கென்ன பைத்தியமா?

நான் நேர்ந்தபோது ஊரைக் கூட்டினாயே, அந்த ஜெயபாரதி எங்கே போனாள்? ஆட்டோக்காரன் பேச்சைக் கேட்டு அம்மனுக்குச் சொன்ன வாக்கை உடைக்கச் சொல்கிறாய். நேர்ந்த கோழி செத்தால் அம்மன் நம் கோரிக்கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள் என்று அர்த்தம். அது இருக்கிறவரைக்கும்தான் என் தம்பி இருப்பான். நான் அப்படித்தான் நம்புகிறேன். அதனால்தான் தூங்காமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை கிடக்கட்டும். அது என் மடியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது, நான் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் கண்ணைத் திறக்கிறது. அதைக் கொல்லையில் போடு என்று எனக்கு எழுதாதே. என்னால் முடியாது.

ஸ்வர்ணலதா

—

ராயப்பேட்டை
18.2.2025

மதினி,

கேரியரைத் திறக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை, இறங்கவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. சாவிக்கொத்து கேட்டதில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்று உங்கள் சொந்தக்காரர்கள் பேசியபோது ஒரு வார்த்தை எனக்காகப் பேசுங்கள் என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உங்கள் நம்பிக்கை பெரிதா என் நம்பிக்கை பெரிதா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணெதிரே பார்க்கிறேன், நீங்கள் பார்க்கவில்லை. அவர் கை வீங்கி மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள்.

அது பிழைத்து அவர் போனால் நான் உங்களை எப்படிப் பார்ப்பேன் மதினி? அதை மட்டும் யோசியுங்கள்.

ஜெயபாரதி

—

தி.நகர்
பிப்ரவரி 19

பாரதிக்கு,

விடிகிற நேரத்தில் கோழி போய்விட்டது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாயிற்று.

ரசஞ்சோறு வைத்திருக்கிறேன். சாப்பிடு. நீ விழுந்துவிட்டால் அவனைப் பார்க்க ஆளில்லை.

ஸ்வர்ணலதா

—

ராயப்பேட்டை
20.2.2025

மதினி,

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, யார் தவறிப்போனது என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருத்தி என்று சொன்னேன்.

ஆனால் கேளுங்கள். நேற்றுச் சாயங்காலம் அத்தானுக்கு நினைவு திரும்பிவிட்டது! என்னைப் பார்த்து, “என்ன பாரதி, இளச்சிட்ட” என்றார். சிறுநீர் நன்றாகப் போகிறதாம். இப்படியே இருந்தால் நல்லது என்று டாக்டரும் சொன்னார். ஒரு கரண்டி ரசம் கொடுக்கலாமாம். நாளைக்கு மிளகு குறைத்து வைத்து அனுப்புங்கள்.

எனக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை, ‘உங்களுக்கு வந்தது முதலாளியம்மாவோடு போய்விட்டது’ என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அசதியாக இருந்திருக்கும்.

நீங்கள் எனக்காக உங்கள் நேர்ச்சையை விட்டுக்கொடுத்தீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வாசலில் சொன்னதை நான் அவிழ்த்து விட்டுவிட்டேன். நீங்களும் மனதில் வைக்காதீர்கள்.

இன்றைக்கு இரண்டு வேளையும் சாப்பிட்டேன்.

உங்கள்
பாரதி

—

தி.நகர்
பிப்ரவரி 21

பாரதிம்மா,

ரசம் அனுப்பியிருக்கிறேன். மிளகு குறைத்துத்தான். வடிகட்டிக் கொடு.

உன் கடிதத்தை மாமிக்கும் படித்துக் காட்டினேன். “பெருமாள் கண்ணத் திறந்துட்டார்” என்றார். எந்தச் சாமி திறந்தால் என்ன. அவன் ‘இளச்சிட்ட’ என்று சொன்னானாமே, அதைப் படித்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். கபாலி கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுதுகிற விஷயமில்லை, நேரில்தான். நீ கோபப்படுவாய். அவன் பக்கத்தில் வைத்துச் சொன்னால் உன்னைச் சிரிக்க வைத்துவிடுவான் என்று ஒரு தைரியம்.

மதினி

—

கொட்டிவாக்கம்
14.3.2025

ஸ்வர்ணலதா அவர்களுக்கு,

பதினாறு முடியும்வரை சபைக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மகேஷ் வீட்டில் இருக்கிறேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன். வீணாகக் கூப்பிட வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை அத்தானைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அறைக் கதவை யாரோ திறந்தார்கள். அது வெளியே வந்தது. கழுத்து கொஞ்சம் கோணலாக, தள்ளாடிக்கொண்டு, ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தது. எல்லோர் காலுக்கும் நடுவில் புகுந்து அவர் படுத்திருந்த பெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. “சனியனே, வெளிய போ” என்று யாரோ விரட்டினார்கள். நீங்கள் மூட்டு வலியை மறந்து எழுந்து ஓடி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதைத்தாயிற்று என்று உங்கள் கையால் எழுதினீர்கள். நான் கெஞ்சிக் கேட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீங்கள் என்னைச் சின்னப் பிள்ளையாக்கி, சோறு ஊட்டுவதற்காகக் கதை சொல்லியிருக்கிறீர்கள். நான் அதை நம்பி, அவர் வந்துவிடுவார் என்று அவருடைய வேட்டிகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

உங்களுக்குத் தம்பியைவிடக் கோழி பெரிதாகிவிட்டது. அந்த வீட்டுக்கு நான் எதற்காக வரவேண்டும்?

ஜெயபாரதி

—

தி.நகர்
மார்ச் 17

பாரதி,

திட்டு. உனக்குத்தான் அந்த உரிமை இருக்கிறது, வேறு யாருக்கும் இல்லை.

அவனைவிட எனக்குக் கோழி பெரிதாக இருந்ததா? இதை நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோழி இருந்தால்தான் அவன் இருப்பான் என்று நான் நினைத்தேன். கோழி போனால்தான் அவன் இருப்பான் என்று நீ நினைத்தாய். நீ அங்கே பட்டினி கிடந்தாய். கோழியை உயிரோடு வைத்துக்கொண்டு உன்னைச் சாப்பிட வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் எழுந்து வந்தபின் சேர்த்துவைத்துத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்ல இருந்தது அதுதான். அவன் ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கவில்லை.

அவனை எடுத்த மறுநாள் விடிந்ததும் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகத் தின்றது. எனக்கு அதைச் சுவரில் அடித்துவிடலாமா என்று வந்தது. அப்புறம் தண்ணீர் வைத்தேன். இவ்வளவுதான் நான்.

கோயிலுக்குக் கொண்டுபோக மாட்டேன். கேட்டதை அம்மன் கொடுக்கவில்லை, நானும் கொடுப்பதாக இல்லை. ஊரிலிருந்து அண்ணன் முறைக்காரர் ஒருவர், நேர்ந்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்கிறார். வைத்திருந்தால் இன்னும் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டேன்.

ராத்திரியில் வீட்டில் யாரோ இருமுவது மாதிரி இருக்கிறது. வா பாரதி. வந்து இங்கே இருந்துகொண்டு என்னோடு பேசாமல் இரு.

ஸ்வர்ணலதா

—

கொட்டிவாக்கம்
21.3.2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். உங்களை ஒரேயடியாகக் கோபித்துக்கொண்டுவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். முடியவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் உங்களுக்கு முழுசாக எழுதவில்லை. அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பியது அசதியில் இல்லை. அழுதார். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு அழுதார், மூச்சு முட்டியது, நர்ஸ் ஓடி வந்தார். நான் பயந்துபோய், கோழிதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். “எனக்காக அது எதுக்கு பாரதி சாகணும்? அது யாருக்கு என்ன செஞ்சுது?” என்றார். எங்கே புதைத்தது என்று கேட்டார். முருங்கை மரத்தடியில் என்று நீங்கள் எழுதியதையே சொன்னேன். “அக்கா தனியா தோண்டிச்சா, இந்த முட்டியோட?” என்றார்.

அதற்கப்புறம் உங்கள் ரசத்தை ஒரு வாய்தான் குடித்தார். கடையைப் பற்றிக் கேட்பார், என்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “கடைசில ரொம்ப கஷ்டப்பட்டுச்சா?” என்று கேட்டார். இல்லை, மதினி மடியில் தூங்கிக்கொண்டே போய்விட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

நீங்கள் பொய்யை எழுதினீர்கள். அதைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்தவள் நான். உங்களை மன்னித்தால் என்னையும் மன்னிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கபாலியை அனுப்புங்கள். அதற்கு வேளாவேளைக்குத் தீனி வையுங்கள். நான் வந்ததும் அதை என் முன்னால் கொண்டுவராதீர்கள், எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். அது கொல்லையில் கொக்கரிக்கிற சத்தம் கேட்டால், அது நன்றாக இருக்கிறது, நீங்கள் அழாதீர்கள் என்று அத்தானிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்போல இருக்கும். சொல்வதற்கு அவர் இல்லை.

பாரதி